தொண்டை கட்டினால் மேடை ஏறலாமா?

நாளை மாலை பள்ளிக் கலைநிகழ்ச்சி. தனிப்பாடல் உங்களுடையது. இரண்டு மாதங்களாகப் பயிற்சி செய்திருக்கிறீர்கள். நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயர் அச்சாகிவிட்டது. தாத்தாவும் பாட்டியும் ஊரிலிருந்து கிளம்பிவிட்டார்கள். இன்று காலை எழுந்து பேச வாயைத் திறந்தால் தொண்டை கரகரக்கிறது.

"சுடுதண்ணீர் குடி, சரியாகிவிடும்" என்கிறார் அம்மா. "ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு பாடிவிடு" என்கிறான் நண்பன். "நீ பாடாவிட்டால் நிகழ்ச்சியே கெட்டுவிடும்" என்கிறார் ஏற்பாட்டாளர். யார் சொல்வதைக் கேட்பது?

'உடம்பு சரியில்லை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூக்கிலா, தொண்டையிலா, குரல்வளையிலா, நெஞ்சிலா? இடம் மாறினால் விடையும் மாறும். அதைப் புரிந்துகொள்ள, பாடும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

உங்களுக்குள் ஒரு நாதஸ்வரம்

கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். வாசிக்கத் தொடங்குமுன் நுனியில் உள்ள சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்துவார். நாணலால் ஆன அந்தச் சீவாளியின் இரண்டு இதழ்களுக்கு நடுவே காற்று பாயும்போது இதழ்கள் துடிக்கும். அந்தத் துடிப்பே ஒலியின் பிறப்பிடம். நீண்ட குழல் அந்த ஒலிக்கு நிறமும் வலிமையும் தருகிறது.

நம் குரலும் ஏறத்தாழ இப்படித்தான் பிறக்கிறது. நுரையீரல் காற்றைத் தள்ளுகிறது. மூச்சுக்குழாயின் உச்சியில் இருக்கும் குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் சீவாளியின் இதழ்களைப்போல் துடிக்கின்றன. அவற்றுக்கு மேலே உள்ள தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகள் குழலின் வேலையைச் செய்கின்றன.

குரல்நாண்கள் மிகச் சிறியவை. வளர்ந்த பெண்களுக்கு ஏறத்தாழ 1.25 முதல் 1.75 சென்டிமீட்டர் நீளம். ஆண்களுக்கு ஏறத்தாழ 1.7 முதல் 2.5 சென்டிமீட்டர். பெயரில்தான் 'நாண்' இருக்கிறதே தவிர, அவை வீணைத் தந்திபோன்ற கயிறுகள் அல்ல, மடிப்புகள். உள்ளே தசை, அதன்மேல் உறுதியான நார்ப்பகுதி, அதற்கும் மேல் 'அகார் அகார்' போன்ற மென்மையான ஒரு படலம், எல்லாவற்றுக்கும் வெளியே மெல்லிய தோல். பாடும்போது அந்த மென்படலம் அலைபோல் நெளிகிறது. குரலின் இனிமையில் பெரும்பங்கு அந்த நெளிவுக்கு உரியது.

உயிருள்ள மனிதரின் குரல்நாண்கள் அசைவதைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, அதை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஒரு பாட்டு ஆசிரியர். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மானுவல் கார்சியா என்பவர் 1854இல் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே பாய்ச்சி, தம்முடைய குரல்நாண்களைத் தாமே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அந்த ஆய்வு படிக்கப்பட்டது. இன்று மருத்துவர்கள் நுண்கேமராவை உள்ளே செலுத்திப் பார்ப்பதற்கு முன்னோடி அதுவே.

ஒரு பாட்டுக்கு எத்தனை மோதல்?

இப்போது ஒரு சிறு கணக்கு. 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள சுரத்தை நீங்கள் பாடினால், உங்கள் குரல்நாண்கள் ஒரு விநாடியில் 440 முறை திறந்து மூடுகின்றன என்று பொருள். நான்கு நிமிடப் பாட்டில் இடையிசை போக மூன்று நிமிடம், அதாவது 180 விநாடி, நீங்கள் பாடுவதாக வைத்துக்கொள்வோம். சராசரி அதிர்வெண் 300 ஹெர்ட்ஸ் என்றால், 180 × 300 = 54,000. ஒரே பாட்டில் இரு நாண்களும் 54,000 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன!

நலமாக இருக்கும்போது இது ஒரு சுமையே இல்லை. மென்படலம் ஈரமாகவும் நெகிழ்வாகவும் இருப்பதால் மோதலைத் தாங்கிக்கொள்கிறது. குரல்நாண்களில் அழற்சி ஏற்பட்டிருக்கும்போது கதை வேறு. புண்பட்ட உள்ளங்கைகளால் 54,000 முறை கைதட்டச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இடம் 1: மூக்கு

மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு 'மாமா' என்று சொல்லிப் பாருங்கள். 'பாபா' போல ஒலிக்கும். ம, ந, ண போன்ற எழுத்துகளுக்குக் காற்று மூக்கு வழியாகப் போக வேண்டும். தமிழ் இலக்கணம் இவற்றை மெல்லினம் என்கிறது. மூக்கொலிகள் என்றும் இவற்றைச் சொல்வார்கள். சளியால் மூக்கு அடைத்தால் இவை கெடும், குரலின் நிறமும் மாறும்.

ஆனால் இது குழலில் வந்த அடைப்பு, சீவாளிக்குக் கேடில்லை. வெறும் மூக்கடைப்பு மட்டுமே இருந்து, பேச்சுக்குரல் தெளிவாக இருந்தால், பாடுவதால் குரல்நாண்களுக்குப் பெரும் ஆபத்து இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. சளியால் காதும் அடைத்திருந்தால் உங்கள் குரல் உங்களுக்கே சரியாகக் கேட்காது. கேட்கவில்லையே என்று நம்மை அறியாமலேயே கத்திப் பாடுவோம். அப்போது ஒலிபெருக்கியைக் கவனிப்பவரிடம் சொல்லி, உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் ஸ்பீக்கரின் ஒலியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இடம் 2: தொண்டை

விழுங்கும்போது வலிக்கிறது, பேசினால் குரல் மாறவில்லை. இப்படியென்றால் வீக்கம் பெரும்பாலும் உணவு போகும் பாதையில், குரல்வளைக்கு மேலே இருக்கிறது. பாடக்கூடாது என்று கட்டாயம் இல்லை. ஆனால் வலி காரணமாகக் கழுத்துத் தசைகளை இறுக்கிப் பாடும் பழக்கம் வரும். பாட்டைக் குறைத்துக்கொள்வது, பயிற்சியைத் தவிர்ப்பது, அரைக் கட்டை அல்லது ஒரு கட்டை சுருதி இறக்கிக்கொள்வது நல்லது. வலியோடு காய்ச்சலும் இருந்தால் மேடையை மறந்துவிட்டு கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

இடம் 3: குரல்வளை

கரகரப்பு, குரல் கம்முதல், பேச்சு நடுநடுவே உடைதல், மேல் சுரங்கள் வராமல் போதல் ஆகியவை இருந்தால் நோய் சீவாளிக்கே வந்துவிட்டது. மருத்துவர்கள் இதைக் குரல்வளை அழற்சி என்பார்கள். பெரும்பாலும் வைரஸ் கிருமியாலோ அளவுக்கு மீறிக் கத்தியதாலோ இது வருகிறது.

வீக்கம் வந்தால் நாண்கள் தடிக்கின்றன. வயலினில் தடித்த தந்தி தாழ்ந்த ஒலியைத் தருவதைப்போலவே, தடித்த குரல்நாணும் மெதுவாக அதிர்கிறது, குரல் தாழ்ந்துபோகிறது. மேல் சுரங்களுக்கு நாண்கள் நீண்டு மெலிய வேண்டும். வீங்கிய நாண் மெலியாது. அதனால்தான் தொண்டை கட்டும்போது முதலில் தொலைவது மேல்ஸ்தாயி. மேலும், வீங்கிய விளிம்புகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. இடைவெளி வழியே காற்று கசிகிறது. குரலோடு 'உஸ்' என்ற மூச்சொலி கலக்கிறது.

இங்கேதான் ஒரு சுழல் தொடங்குகிறது. ஒலி வரவில்லை என்பதால் பாடுபவர் கூடுதல் அழுத்தத்தோடு காற்றைத் தள்ளுகிறார். அழுத்தம் கூடினால் மோதல் கடுமையாகிறது. மோதல் கடுமையானால் வீக்கம் கூடுகிறது. வீக்கம் கூடினால் ஒலி இன்னும் குறைகிறது. மறுபடியும் அழுத்தம். முதல் பாட்டில் கொஞ்சம் கரகரத்த குரல் மூன்றாவது பாட்டில் அடங்கிப்போவதற்குக் காரணம் இதுதான்.

அழற்சி உள்ள இடத்தில் நுண் இரத்தக்குழாய்களும் விரிந்து நிற்கும். அந்த நேரத்தில் உச்சக் குரலில் ஓங்கிப் பாடினால் ஒரு குழாய் வெடிக்கக்கூடும். இரத்தம் அந்த மென்படலத்துக்குள் பரவி, அது நெளிய முடியாதபடி செய்துவிடும். குரல் திடீரென மாறும் அல்லது மறையும். பல வேளைகளில் வலியே இருக்காது. உடனே வாய் திறக்காமல் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். தொடர்ந்து பாடினால் கட்டியோ தழும்போ உண்டாகலாம். தழும்பு விழுந்த படலம் முன்போல் நெளியாது.

இங்கிலாந்துப் பாடகி அடேலுக்கு 2011இல் நேர்ந்தது இத்தகைய இரத்தக்கசிவுதான். அப்போது அவருக்கு வயது 23. உலகம் முழுவதும் அவர் பாட்டுகள் முதலிடத்தில் இருந்த நேரம். அமெரிக்கப் பயணத்தின் நிகழ்ச்சிகளை ரத்து செய்தார். நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, மருத்துவர் சொற்படி பேசாமல் இருந்தார். 2012 பிப்ரவரியில் கிராமி விருது மேடையில் மீண்டும் பாடி, அன்று இரவு 6 விருதுகளை வென்றார். அவர் கதை அதோடு முடியவில்லை. 2017இல் லண்டன் வெம்பிளி அரங்கில் நான்கு இரவுகள் பாடுவதாக இருந்தவர், குரல்நாண்கள் மீண்டும் பாதிக்கப்பட்டதால் கடைசி இரண்டு இரவுகளை ரத்து செய்தார்.

எல்லோருக்கும் குரல் திரும்புவதில்லை. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தின் நாயகி ஜூலி ஆண்ட்ரூஸ் 1997இல் குரல்நாண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தம் புகழ்பெற்ற பாடும் குரலை இழந்தார். நாதஸ்வரக் கலைஞர் மாற்றுச் சீவாளிகளைக் கருவியிலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பார். நமக்கு இருப்பது ஒரு சோடிதான்.

இடம் 4: நெஞ்சு

இருமலும் காய்ச்சலும் இருக்கும்போது காற்றைத் தள்ளும் துருத்தியே தளர்ந்திருக்கிறது. நீண்ட அடிகளை ஒரே மூச்சில் பாட முடியாது. ஒவ்வொரு இருமலும் குரல்நாண்களை ஓங்கி அறைகிறது. காய்ச்சல் உடலின் நீரை வற்றச் செய்கிறது. இந்த நிலையில் மேடை ஏறக்கூடாது என்பதற்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு. அது உங்களைப் பற்றியது அல்ல. உங்கள் அருகில் நிற்பவர்களைப் பற்றியது.

2020 மார்ச் 10ஆம் தேதி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவினர் இரண்டரை மணிநேரப் பயிற்சிக்குக் கூடினர். வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்குச் சில நாள்களாகச் சளி பிடித்ததுபோன்ற அறிகுறிகள் இருந்தன. அடுத்த சில நாள்களில் அந்தக் குழுவில் கோவிட்-19 கண்டவர்கள், உறுதிசெய்யப்பட்டோரும் அறிகுறி கொண்டோருமாக, அவரையும் சேர்த்து 53 பேர். அவர்களில் இருவர் இறந்துபோனார்கள்.

பேசும்போதும் பாடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வாயிலிருந்து வெளியேறுகின்றன. குரலை உயர்த்த உயர்த்த அவற்றின் எண்ணிக்கை பெருகுகிறது. பாடகர்கள் ஆழமாக மூச்சை இழுப்பதால் அடுத்தவர் விட்ட துளிகளும் நுரையீரலின் அடிவரை செல்கின்றன. மூடிய குளிர்சாதன அறையில் நெருங்கி நின்று பாடும் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், அது அவர் ஒருவருடைய பிரச்சினையாக நிற்பதில்லை. முன்வரிசையில் உட்காரப்போகும் தாத்தா பாட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுடுதண்ணீர் எங்கே போகிறது?

அம்மா தரும் சுடுதண்ணீர், தேன், சுக்குக் கஷாயம், மிளகு ரசம் எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை. நாம் விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது. குடித்தது உணவுக்குழாயில் இறங்குகிறது. தவறி ஒரு துளி குரல்வளைக்குள் போனால் என்ன ஆகும்? புரையேறும்! இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிடும்.

அப்படியானால் குடிப்பதில் பயனில்லையா? உண்டு. தொண்டைக்கு இதமாக இருக்கும், இருமல் தணியும். குடித்த நீர் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவி, குரல்நாண்களின் ஈரத்தையும் காக்கும். அதற்கு நேரம் வேண்டும். மேடை ஏறுவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன் குடிக்கும் ஒரு பாட்டில் தண்ணீரைவிட, முந்தின நாளிலிருந்தே சிறிது சிறிதாகக் குடிப்பது மேல். குரல்நாண்களை நேரடியாகச் சென்றடைவது நாம் மூச்சோடு இழுக்கும் ஈரக்காற்று மட்டுமே. வெந்நீர்க் குளியலின்போது எழும் ஆவியே போதும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து ஆவி பிடிக்கும்போது நீர் கொட்டிச் சுட்டுக்கொண்டவர்கள் பலர், கவனம் தேவை.

தொண்டையை அடிக்கடி 'க்ஹும்' என்று செருமுவதையும் நிறுத்துங்கள். செருமல் நாண்களை முரட்டுத்தனமாக மோதவிடுகிறது. ஒரு வாய் தண்ணீரை விழுங்கினால் அதே வேலை நடக்கும். குரல் போய்விட்டது என்று அழுத்தி 'கிசுகிசு'ப்பதும் ஓய்வு ஆகாது. பலர் அப்போது குரல்வளையை மேலும் இறுக்குகிறார்கள். பேச வேண்டியிருந்தால் மெல்லிய இயல்பான குரலில் சுருக்கமாகப் பேசுங்கள். இல்லாவிட்டால் எழுதிக் காட்டுங்கள்.

மாத்திரை எதை மறைக்கிறது?

நண்பன் சொன்ன மாத்திரைக்கு வருவோம். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்களும் ஸ்பிரேக்களும் வலியை மறைக்கின்றன, வீக்கத்தைப் போக்குவதில்லை. தீ எரியும்போது அபாய மணியின் வயரைப் பிடுங்கிவிடுவதற்கு ஒப்பானது இது. வலி தெரியாததால் இன்னும் ஓங்கிப் பாடுவோம்.

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகின்றன. ஏற்கெனவே விரிந்து நிற்கும் நுண்குழாய் வெடித்தால் கசிவு எளிதில் நிற்காது. நம் நாட்டில் காய்ச்சல் டிங்கியாகவும் இருக்கலாம் என்பதால், இந்த மருந்துகளை நாமாக வாங்கி விழுங்குவது இரட்டை ஆபத்து. ஆஸ்பிரினைச் சிறுவர்களுக்கு வைரஸ் காய்ச்சலின்போது தரக்கூடாது என்பது மருத்துவ விதி.

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்பவை. வைரஸால் வந்த குரல்வளை அழற்சிக்கு அவை உதவா. ஸ்டீராய்டு மருந்து வீக்கத்தை விரைவாகக் குறைக்கும் என்பது உண்மை. தொழில்முறைப் பாடகர்களுக்கு, கேமராவால் குரல்நாண்களைப் பார்த்த பிறகு, மருத்துவர்கள் அரிதாக அதைத் தருவதுண்டு. குரல் திரும்பியதும் குணமாகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். பள்ளி நிகழ்ச்சிக்காக எடுக்க வேண்டிய மருந்து அல்ல அது.

பாடுமுன் செய்து பார்க்க ஒரு சோதனை

உங்களுக்கு வழக்கமாக எளிதில் வரும் ஒரு மேல் சுரத்தை, மிக மெல்லிய குரலில், யாருக்கும் கேட்காத அளவில் பாடிப் பாருங்கள். தெளிவாக வந்தால் நாண்கள் நலம். மெல்லப் பாடும்போது வராமல், ஓங்கிப் பாடினால் மட்டுமே வந்தால் வீக்கம் இருக்கிறது என்று கொள்ளலாம். ஓங்கிப் பாடுவது வீக்கத்தை மறைத்துவிடும். மெல்லப் பாடுவது காட்டிக்கொடுத்துவிடும். (வயதுக்கு வரும் பையன்களுக்குக் குரல் உடைவது வேறு. குரல்நாண்கள் வளர்வதால் வரும் மாற்றம் அது, நோய் அல்ல.)

கீழ்க்காணும் நிலைகளில் காத்திருக்க வேண்டாம்:

• பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென மாறினால் அல்லது மறைந்தால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

• மூச்சு விடச் சிரமம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை இருந்தால் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

• சாதாரணக் குரல்வளை அழற்சி ஒன்று இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை நிபுணரைக் காண வேண்டும்.

நான் பாடாவிட்டால்?

'நிகழ்ச்சியே கெட்டுவிடும்' என்ற ஏற்பாட்டாளரின் கவலைக்கும் விடை உண்டு. பெரிய ஒப்பரா அரங்குகளில் முதன்மைப் பாடகருக்கு மாற்றாக இன்னொருவரும் அதே பாத்திரத்தைப் பயின்று தயாராக இருப்பார். 1963இல் லண்டன் கோவன்ட் கார்டனில் ஜுசெப்பே டி ஸ்டெஃபானோ என்ற புகழ்பெற்ற பாடகருக்கு உடல்நலமில்லாமல் போனபோது, அவருக்குப் பதில் ஓர் இளைஞர் பாடினார். அவர்தான் லுசியானோ பவரொட்டி. 2002 மே மாதம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஒப்பராவில் அதே பவரொட்டி சளிக்காய்ச்சலால் பாட முடியாமல் விலகினார். அன்று அவருக்குப் பதில் பாடிய சால்வத்தோரே லிச்சித்ராவுக்குக் கைத்தட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை.

காத்திருப்பதும் ஒரு வழிதான். 'அடிமைப்பெண்' படத்துக்காக 'ஆயிரம் நிலவே வா' பாடலைப் பாட எஸ்.பி.பாலசுப்ரமணியம் தேர்வானபோது அவர் தமிழுக்குப் புதியவர். பதிவுக்கு முன் கடும் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவரை மாற்றிவிட்டு வேறு ஒருவரைப் பாடவைத்திருக்கலாம். எம்.ஜி.ஆர். அப்படிச் செய்யாமல், அவர் தேறி வரும்வரை காத்திருந்தார் என்று எஸ்.பி.பி. பின்னாளில் பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். படம் 1969இல் வெளிவந்தது. அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குரல் பாடிக்கொண்டிருந்தது.

எனவே, நாளை நீங்கள் பாட இருந்து, இன்று குரல் கம்மியிருந்தால், கடைசி நிமிடம் வரை மறைத்து வைக்காதீர்கள். இப்போதே ஆசிரியரிடம் சொல்லுங்கள். சுருதியை இறக்கலாமா, மூன்று பாட்டை ஒன்றாக்கலாமா, உங்களோடு பயிற்சி செய்த தோழி பாடலாமா என்று முடிவெடுக்க அவருக்கு ஒரு நாளாவது கிடைக்கும். நீங்கள் கூட்டத்தோடு உட்கார்ந்து, வாய் திறக்காமல், கை வலிக்கத் தட்டிவிட்டு வாருங்கள்.